காபிக்கு முன்னே அரை மணி நேரம்

சென்ற இதழில் கால்சியம் மாத்திரை பற்றிக் கேட்ட ஒரு வாசகிக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. பெரும்பாலானவை மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைந்து, அதற்காக மருந்து எடுத்துக்கொள்ளும் பெண்களிடமிருந்து வந்தவை. இந்த இதழின் பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நின்றே பணி ஓய்வு பெற்றவள். எந்த மருந்து வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். அதை எப்படி, எப்போது, எதோடு சேர்க்காமல் எடுத்துக்கொள்வது என்பது என் தொழில்.

வயது 63. டெக்ஸா ஸ்கேனில் (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே) இடுப்பு எலும்பின் டி-ஸ்கோர் (இளம் வயது அடர்த்தியோடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 2.8 என்று வந்தது. ஞாயிறுதோறும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போடச் சொன்னார்கள். காலை நாலரை மணிக்குக் காபி குடித்தால்தான் எனக்குக் கண் திறக்கும். அதோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டு, பேப்பர் வரும்வரை சற்றுப் படுப்பேன். சில வாரங்களாக நெஞ்செரிச்சல். இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? — வாசகி, கும்பகோணம்

ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு முதலில் அது உடம்புக்குள் போயிருக்க வேண்டுமே, அம்மா!

இந்த மாத்திரையைப் போலக் குடலில் ஏறுவதற்குப் பிடிவாதம் பிடிக்கும் மருந்து குறைவு. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், எல்லாம் ஒழுங்காகச் செய்தால்கூட 100-க்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேரும். 70 மில்லிகிராமில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. அந்தத் துளிதான் எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது. காபியோடு விழுங்கினால் அந்தத் துளியிலும் பாதிக்கு மேல், ஏறத்தாழ 60 சதவீதம், போய்விடும். நீங்கள் குடிப்பது பால் விட்ட காபி. பாலில் உள்ள கால்சியம் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மிச்சத்துக்கும் உறுதி இல்லை. மாத்திரைக்குக் கொடுத்த பணம் கழிவறைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்செரிச்சலுக்குக் காரணம் படுப்பது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினாலும், வயிற்றிலிருந்து மேலேறி வந்தாலும் அங்குள்ள சவ்வைப் புண்ணாக்கும். ஆகவே அடுத்த ஞாயிறு மாத்திரையைப் போட வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது வலியோ, நெஞ்சுக்கு நடுவே குத்தலோ இருந்தால் ஞாயிறு வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

அவர் தொடரச் சொன்னால் இப்படிச் செய்யுங்கள். எழுந்து வாய் கொப்பளித்ததும், வேறு எதுவும் வாயில் படும் முன்பு, ஒரு பெரிய டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீருடன் மாத்திரையை முழுதாக விழுங்குங்கள். 200 மில்லிக்குக் குறையக் கூடாது. கடிக்கவோ சப்பவோ வேண்டாம். உங்கள் வீட்டில் போர்வெல் உப்புத் தண்ணீர் வந்தால் அதைத் தவிர்த்து, குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரிலும் கால்சியம் உண்டு. அதன்பின் அரை மணி நேரம் நிற்கலாம், நடக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம். படுக்கக் கூடாது, குனிந்து செய்யும் வேலையும் வேண்டாம். கோலத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை அந்த அரை மணியை ஒரு யுகமாக்கும் என்பது எனக்குத் தெரியும். வாசலில் போய் நில்லுங்கள். அரை மணி கழித்துக் காபியோ பலகாரமோ சாப்பிட்டான பிறகு விருப்பம்போல் படுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்காத கிழமை. அன்று வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், விருந்து வரும், எழுவதும் முன்பின் ஆகும். ஒரு புதன்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினசரி காலண்டரில் புதன் தாள்களை மட்டும் முன்கூட்டியே பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். தாளைக் கிழிக்கும்போது கண்ணில் பட்டே தீரும்.

மனைவிக்கு வயது 58. முழங்கால் வலிக்குப் போன இடத்தில் எலும்பு ஸ்கேன் எடுத்து, மாதம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் போட்டும் வலி துளிகூடக் குறையவில்லை. வீண் செலவு என்று நிறுத்திவிட்டோம். சரிதானே? — வாசகர், நாகர்கோவில்

சரியில்லை, ஐயா. மாத்திரை அவருடையது, தீர்ப்பு மட்டும் குடும்பத் தீர்ப்பு போலிருக்கிறது!

உங்கள் மனைவிக்கு இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முழங்கால் வலிப்பது மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வதால். எலும்பு அடர்த்தி குறைவது வேறு. அது வலிக்கவே வலிக்காது. எலும்பு முறிகிற அன்றுதான் வலிக்கும். மாத மாத்திரை கொடுத்தது அந்த நாள் வராமலிருக்க. முழங்கால் வலிக்கு அது மருந்தே இல்லை. வலி குறைகிறதா என்று பார்த்து அதற்கு மதிப்பெண் போட்டால் எப்போதும் பூஜ்யம்தான் வரும்.

இந்த மருந்துகளின் சோதனையே இதுதான். போட்டால் உடம்பில் ஒன்றும் தெரியாது, விட்டாலும் தெரியாது. இரத்த அழுத்த மாத்திரைக்காவது வாரம் ஒரு முறை கருவியைக் கையில் கட்டிப் பார்க்கலாம். இதற்கு அதுவும் இல்லை. அதனால்தான் எந்த நாட்டில் கணக்கெடுத்தாலும், தொடங்கியவர்களில் பாதிப் பேர் வரை ஓராண்டுக்குள் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஈஸ்ட்ரோஜன் நின்றதும் எலும்பைக் கரைக்கும் வேலை வேகமெடுக்கும். கட்டும் வேலை அதற்கு ஈடுகொடுக்காது. முதல் ஐந்தாறு ஆண்டுகளில் பத்து சதவீதத்துக்கு மேலேயே எலும்பு போய்விடலாம். உங்கள் மனைவி இருப்பது அந்த வயதில். முதலில் மணிக்கட்டு, பிறகு முதுகெலும்பு, எழுபதுக்கு மேல் இடுப்பு என்பது இந்த முறிவுகள் வழக்கமாக வரும் வரிசை. முதுகெலும்பு நசுங்குவது பல பேருக்குத் தெரியாமலே நடக்கும். முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டவில்லை என்றால், உயரம் மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், சந்தேகப்பட வேண்டும். ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு இருந்த பெண்களிடம் அலென்ட்ரோனேட்டைச் சோதித்து 1996-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் புதிய முதுகெலும்பு முறிவுகளும் இடுப்பு முறிவுகளும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இந்த வகை மருந்துகளுக்குக் கிடைக்கும் பலன் இதுதான்: நடக்காமல் போன ஒன்று.

செலவுதான் தடை என்றால் அதை மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து இருக்கிறதா என்று விசாரியுங்கள். முழங்காலுக்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு என்று தனிச் சிகிச்சை இருக்கிறது. அதைத் தனியாகக் கேளுங்கள். ஒரு திருத்தம் மட்டும்: மாத மாத்திரை ஐபாண்ட்ரோனேட் என்றால் அரை மணி போதாது, ஒரு மணி நேரம் நிமிர்ந்தும் வெறும் வயிற்றோடும் இருக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு பெட்டியில் வைத்து அளந்தார்கள். போன வருட டெக்ஸா அளவைவிட மோசமாக வந்திருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? — வாசகி, கோவை

இரண்டு கருவிகள், இரண்டு எலும்புகள், இரண்டு அளவுமுறைகள். ஒப்பிட முடியாது. குதிகால் பெட்டி யாரை ஸ்கேனுக்கு அனுப்பலாம் என்று பார்க்க ஓரளவு உதவும். மருந்து வேலை செய்கிறதா என்று அதில் பார்க்கக் கூடாது. அதற்கு டெக்ஸாதான். அதையும் ஓரிரு ஆண்டு இடைவெளியில், கூடியவரை அதே இடத்தில், அதே கருவியில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு வயது 67, சேலத்தில் தனியாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி நான்கு தடவை போட்டாயிற்று. கடைசி ஊசி போட்டு எட்டு மாதம் ஆகிறது. நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். "ஸ்கேன் நன்றாகத்தானே இருக்கிறது, பொங்கலுக்கு நீ வரும்போது போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். காத்திருக்கலாமா? — வாசகி, பெங்களூரு

கூடாது, அம்மா. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அவருடைய மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

மற்ற எலும்பு மருந்துகளில் ஒரு மாதம் முன்பின் ஆனால் பெரிய கேடில்லை. அலென்ட்ரோனேட், வருடம் ஒரு முறை ஊசியாக ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட் போன்றவை எலும்புக்குள்ளேயே தங்கியிருப்பதால் நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் காவல் இருக்கும். டெனோசுமாப் அப்படித் தங்குவதில்லை. பழைய எலும்பை இடிக்கிற அணுக்களின் கையை அது கட்டி வைக்கிறது, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் கட்டு அவிழ்கிறது. அதுவரை வேலையில்லாமல் நின்ற இடிப்பு ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடப்பாறையோடு இறங்கினால் எப்படி இருக்கும்? சேர்த்து வைத்த அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் கரைந்துவிடும். அதைவிட மோசம், சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றல்ல, இரண்டு மூன்று அடுத்தடுத்து நசுங்குகின்றன. கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். உங்கள் அம்மா அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். அவருக்குப் புதிதாக முதுகுவலி வந்திருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். ஆம் என்றால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்கேன் நன்றாக இருப்பதும் நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. ஊசி ஓடிக்கொண்டிருப்பதால்தான் ஸ்கேன் நன்றாக இருக்கிறது. என்றைக்காவது நிறுத்துவதானால், அந்த இடத்தில் வேறொரு மருந்தை, பெரும்பாலும் ஜோலெட்ரோனிக் ஆசிட் அல்லது வார மாத்திரையை, வைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஊசியைத் தொடங்கும் அன்றே இதைச் சொல்லி அனுப்பாத இடங்களும் இருக்கின்றன என்பது என் வருத்தம்.

ஊசியை மருந்துக் கடையில் வாங்கிக் கிளினிக்குக்கு நீங்களே எடுத்துப் போவதானால், அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பொருள். கடைக்காரரிடம் குளிர்ப்பொதியோடு வாங்குங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். மேலே ஐஸ் அறையில் வைத்தால் கெட்டுவிடும். போடுவதற்கு முன் இரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும் போதுமான அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு, குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, இந்த ஊசிக்குப் பின் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவர்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

அடுத்த ஊசியின் தேதியை அம்மாவின் கைபேசியில் மட்டும் அல்ல, உங்கள் கைபேசியிலும் பதிந்து வையுங்கள். பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை எதுவும் அந்தத் தேதிக்குப் பொருட்டில்லை.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். வியாழக்கிழமை எலும்பு மாத்திரை வெறும் வயிற்றில். அசிடிட்டி மாத்திரையும் வெறும் வயிற்றில். இது போக இரும்புச்சத்து, இரண்டு வேளை கால்சியம். எனக்கு இருப்பது ஒரே வயிறு! — வாசகி, கரூர்

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. மருந்துச் சீட்டில் எல்லாவற்றுக்கும் 'காலை' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வியாழக்கிழமை மட்டும் அரை மணி முன்னதாக எழுந்திருங்கள். ஐந்தரைக்கு எலும்பு மாத்திரை, நிறையத் தண்ணீரோடு. ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை. ஆறே முக்கால், ஏழு மணிக்குக் காபி. மற்ற நாட்களில் எழுந்ததும் தைராய்டு. இந்த வரிசையைத்தான் நான் சன்னலில் சொல்வது வழக்கம். உங்கள் மருத்துவர் தைராய்டு மாத்திரையை இரவு படுக்கும் முன் போடச் சொன்னால் அது இன்னும் சுலபம். ஆனால் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், இரத்தத்தில் தைராய்டு அளவு மாறிவிடும்.

கால்சியமும் இரும்பும் காலையில் இந்தப் பக்கமே வரக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் அவற்றுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று என்று வையுங்கள். ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் கால்சியத்தைக் குடல் சரியாக வாங்காது. இரண்டையும் சேர்த்துப் போடுவதில் இலாபம் இல்லை. இரும்பைக் கால்சியத்தோடு சேர்க்காமல், பதினோரு மணி போல ஓர் எலுமிச்சைச் சாற்றோடு.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் என்றிருந்தால் அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். நீங்களோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுகிறீர்கள். சிட்ரேட் வகைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, அந்த அசிடிட்டி மாத்திரை இன்னும் தேவையா என்று கேளுங்கள். என்றோ ஒரு வாரத்துக்கு எழுதியதை ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் ஏராளம். அதை நெடுங்காலம் போடுபவர்களுக்கு எலும்பு முறிவு சற்று அதிகமாகவே காணப்படுகிறது.

பிரண்டை எலும்பை ஒட்ட வைக்கும் என்கிறார்களே. மாத்திரையை விட்டுவிட்டுத் தினமும் பிரண்டைத் துவையல் சாப்பிட்டால் போதாதா? — வாசகி, விருதுநகர்

துவையலைச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். இளம் தண்டாகப் பார்த்து, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்து அரைத்தால் நாக்கு அரிக்காது. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இடுப்பு எலும்பு முறியாமல் பிரண்டை காத்தது என்று காட்டிய பெரிய ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. முறிந்த எலும்பு கூடுவது ஒன்று, முறியாமல் இருப்பது இன்னொன்று. துவையல் இலையில் இருக்கட்டும், மாத்திரை அதன் கிழமையில் இருக்கட்டும்.

கால்சியத்துக்கு உங்கள் ஊர்ப் பக்கத்துச் சாப்பாடே போதும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 போல. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கணக்கில் சேரும். இந்த வயதில் ஒரு நாளைக்கு வேண்டியது 1,000 முதல் 1,200 மில்லிகிராம். சாப்பாட்டில் விடுபடுவதை மட்டும் மாத்திரையால் நிரப்பினால் போதும்.

என் பெரியம்மா வைட்டமின் டி 60,000 யூனிட் பவுடர் பாக்கெட்டை இரண்டு வருடமாக வாரம் தவறாமல் பாலில் கலந்து குடிக்கிறார். சத்துதானே, கெடுதல் இல்லையே? — வாசகி, தூத்துக்குடி

நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒன்று என்பது வழக்கமாக எட்டு வாரத்துக்குத்தான். பிறகு மாதம் ஒன்று, அல்லது மருத்துவர் சொல்லும் குறைந்த அளவு. இது உடம்புக் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும் வைட்டமின். மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று ஏதாவது இருந்தால் உடனே அழைத்துப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அதிகம் கொடுத்தால் அதிகம் நல்லது என்பது இந்தச் சத்துக்குப் பொருந்தாது. முதிய பெண்களுக்கு வருடம் ஒரு முறை ஐந்து லட்சம் யூனிட்டை ஒரே தடவையாகக் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. கொடுக்கப்பட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்கே அதிக முறிவும் ஏற்பட்டது.

எனக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும். நான் எலும்பு மாத்திரை போடுவதைக் கேட்டதும் பல் மருத்துவர் தயங்குகிறார். தாடை எலும்பு அழுகும் என்று மகன் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டிப் பயமுறுத்துகிறான். — வாசகி, ஈரோடு

பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி குறையும். தாடை எலும்பு செத்துப்போகும் இந்தப் பாதிப்பை 2003-இல் முதலில் கவனித்தது பெரும்பாலும் புற்றுநோயாளிகளிடம். அவர்களுக்கு ஜோலெட்ரோனிக் ஆசிட் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஏறும். எலும்பு அடர்த்திக்கு அதே மருந்து வருடம் ஒரு முறைதான். உங்களைப் போல மாத்திரை போடுபவர்களில் ஓராண்டில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வருவதே அதிகம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எந்த மருந்து, எத்தனை வருடமாக என்று ஒரு தாளில் எழுதிப் பல் மருத்துவரிடம் கொடுங்கள். இரண்டு மருத்துவர்களும் பேசிக்கொள்ளட்டும். சொத்தையாகிச் சீழ் வைத்த பல்லை வாயில் வைத்திருப்பதும் தாடைக்குக் கேடுதான். பொருந்தாத பல்செட் ஈறில் உராய்ந்தாலும் சரி செய்துகொள்ளுங்கள். இனிமேல்தான் மருந்து தொடங்கப் போகிறவர்கள் பல் வேலையை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

எட்டு வருடமாக வார மாத்திரை போடுகிறேன். பழைய அட்டையைக் காட்டினால் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மாதமாக வலது தொடையில் மந்தமான வலி. வயதாகிறதல்லவா என்று விட்டுவிட்டேன். — வாசகி, திருநெல்வேலி

இதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள், அம்மா. மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு, இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போய், இரண்டு தொடை எலும்புகளுக்கும் முழு நீள எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இந்த மாத்திரைகளை நெடுங்காலம் போடும் மிகச் சிலருக்குத் தொடை எலும்பின் நடுப்பகுதியில் மயிரிழை விரிசல் விழுந்து, ஒரு நாள் சாதாரணமாக நடக்கும்போதே முறிந்துவிடுவதுண்டு. அதற்கு முன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடையிலோ கவட்டியிலோ இப்படி மந்தமாக வலிக்கும். உங்களுடையது வெறும் தசைவலியாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே சொல்லட்டும்.

வார மாத்திரையை ஐந்து ஆண்டுகள் போட்டதும், வருடாந்தர ஊசியை மூன்று தடவை போட்டதும், தொடர்வதா, சில காலம் ஓய்வு விடுவதா என்று மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே முறிவு ஏற்பட்டவர்கள் தொடர வேண்டியிருக்கும். மற்றவர்கள் பலர் ஓய்வு விடலாம். டெனோசுமாபுக்கு மட்டும் இந்த ஓய்வு கிடையாது. பழைய அட்டையைக் காட்டி வாங்கும் பழக்கத்தில் இந்தக் கணக்கைப் பார்க்க யாருமே இல்லாமல் போகிறது. கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் உதவி செய்யவில்லை, விற்பனை செய்கிறார்.

ரமலான் மாதத்தில் வார மாத்திரையை எப்போது போடுவது? — வாசகி, கீழக்கரை

சஹருக்கு எழும்போது. வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக எழுந்து, மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, சஹர் சமையலைக் கவனியுங்கள். அரை மணி கழித்துச் சாப்பிட்டு, தொழுகைக்குப் பிறகு படுத்தால் இடையூறு இல்லை. பகல் முழுவதும் வெறும் வயிறுதானே, நோன்பு திறக்கும்போது போடலாமே என்று தோன்றும். ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பேரீச்சம்பழத்தையும் நோன்புக் கஞ்சியையும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். யாரையும் அப்படிச் சோதிக்க எனக்கு மனம் வராது. கால்சியத்தை இஃப்தாருக்குப் பிந்திய இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை வார மாத்திரையை மறந்துவிட்டேன். அடுத்த செவ்வாய் இரண்டாகப் போடலாமா? — வாசகி, பழனி

கூடாது. நினைவு வந்ததற்கு மறுநாள் காலை ஒன்று போடுங்கள்; பிறகு வழக்கமான செவ்வாய்க்கே திரும்பிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு என்பது எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. மாத மாத்திரைக்காரர்களுக்கு, அடுத்த தேதிக்கு ஏழு நாளுக்கு மேல் இருந்தால் மறுநாள் காலை போடலாம். அதற்குள் என்றால் அந்தத் தேதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலும்புக்காகத் தினமும் டெரிபாரடைட் பேனா ஊசி போட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் ரயிலில் காசிக்குப் போகிறோம். இரண்டு இரவு வண்டியில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா? — வாசகி, ஸ்ரீரங்கம்

கூட்டிக்கொண்டு போங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் எடுத்துப்போகும் குளிர்ப் பை மருந்துக் கடையில் கிடைக்கும். அதில் ஜெல் பொதி வைத்து, பேனாவை ஒரு துணியில் சுற்றி, பொதியின் மேல் நேராகப் படாமல் வையுங்கள்; உறைந்துபோன மருந்து வீண். போட வேண்டிய நேரத்துக்கு எடுத்து, போட்டதும் திருப்பி வைத்துவிடுங்கள். ஊசிமுனையை ஒவ்வொரு முறையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுங்கள். பயன்படுத்தியதைப் போட ஒரு மூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் டப்பாவும் பையில் இருக்கட்டும். முதல் சில நாட்கள் சிலருக்குப் போட்டவுடன் தலை சுற்றும். வண்டி ஓடும்போது கீழ்ப் படுக்கையில் உட்கார்ந்தே போட்டுக்கொள்ளுங்கள். பேனாவைத் தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறீர்களா? 28 நாள் ஆனதும், உள்ளே மருந்து மிச்சம் இருந்தாலும், தூக்கி எறிய வேண்டும். பயணத்தின் நடுவில் அந்த நாள் வருமானால் புதுப் பேனா ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். போகிற ஊரில் தேடி அலைய வேண்டாம். தங்கப் போகும் விடுதிக்கும் முன்கூட்டியே பேசி, அறையில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.